நடுரோட்டில் பைக் நின்றால் யார் வருவார்? பாலிசிக்குள் ஒளிந்திருக்கும் அந்த 300 ரூபாய்!

இரவு பத்தே முக்கால் மணி. பூந்தமல்லியில் வேலையை முடித்துவிட்டு, நசரத்பேட்டையில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி ஆவடி பக்கம் வந்துகொண்டிருந்தேன். நெமிலிச்சேரியில் இறங்க இன்னும் சில கிலோமீட்டர்தான் பாக்கி. 'டொக்' என்று ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. ஓரங்கட்டி, போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். செயின் அறுந்து, பின்னால் இருபது அடி தள்ளி ரோட்டில் கிடந்தது.

முதலில் எனக்குப் பயமே வரவில்லை. என்னிடம்தான் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' இருக்கிறதே! போனில் பாலிசியைத் திறந்து, அதிலிருந்த எண்ணுக்கு அடித்தேன். பத்து நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு குரல் வந்தது.

"சார், உங்க பாலிசியில ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் எடுக்கலை. டோயிங் வராது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு என்ன உதவியைக் கேட்பது? லாரிகள் காதோரம் சீறிக்கொண்டு போக, நண்பனுக்கு போன் போட்டேன். அவன் பட்டாபிராமில் தெரிந்த ஒரு குட்டி யானைக்காரரை எழுப்பி அனுப்பினான். வாடகை 1,500 ரூபாய். அம்பத்தூர் வீட்டு வாசலில் வண்டியை இறக்கும்போது மணி ஒன்று. "போன் பண்ணியிருக்கலாமேடா" என்று அம்மா திட்டியது தனிக் கணக்கு.

மறுநாள் காலையில்தான் என் பாலிசியை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் பைக்கில் போய் வருகிறவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். எனக்கு நடந்தது நாளைக்கு உங்கள் தங்கைக்கு நடக்கலாம்.

'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்றால் எல்லாமும் இல்லை

நாம் ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று சொல்வது காம்ப்ரிஹென்சிவ் பாலிசி. அதில் இரண்டு பகுதிகள். ஒன்று தேர்டு பார்ட்டி: நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு. மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இரண்டாவது ஓன் டேமேஜ்: விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு.

இதில் 'மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன்' எதற்கும் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறார்கள். செயின் அறுவது, கிளட்ச் கேபிள் போவது, பேட்டரி இறங்குவது எல்லாமே இந்தக் கணக்கில் வந்துவிடும். பஞ்சரும் அப்படித்தான். வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்கு ஏதாவது கிடைக்கும், அதுவும் மாற்றும் செலவில் பாதிதான்.

சரி, விபத்தில் வண்டி நொறுங்கி நகர முடியாமல் போனால் டோயிங் செலவு தருவார்களா? தருவார்கள். எவ்வளவு தெரியுமா? ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 300 ரூபாய்!

2002-ல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் என்ற விதித்தொகுப்பில் இரு சக்கர வாகனத்துக்கு எழுதிவைத்த தொகை இது. காருக்கு 1,500 ரூபாய். அந்த வாசகம் இன்றைக்கும் பாலிசிகளில் அப்படியே தொடர்வதைப் பார்க்கலாம். உங்கள் பாலிசியைத் திறந்து, 'அருகிலுள்ள பழுதுபார்க்கும் இடத்துக்கு அகற்றும் செலவு' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். நான் குட்டி யானைக்குக் கொடுத்த வாடகையில் ஐந்தில் ஒரு பங்குதான் அது. என் வண்டிக்கு விபத்தே நடக்கவில்லை என்பதால், அந்த 300-ம் எனக்குக் கிடையாது.

ஐந்து வருடக் குழப்பம்

"புது வண்டிங்க, அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று நிறைய பேர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். ஆனால், அதோடு சேர்த்துத் தரும் ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஒரே ஒரு வருடத்துக்குத்தான்.

முதல் வருடம் முடிந்ததும் ஓன் டேமேஜைப் புதுப்பிக்காவிட்டால், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆட்-ஆன்களும் போய்விடும். கையில் ஐந்து வருடப் பேப்பர் இருப்பதால் நமக்கு அது தெரிவதே இல்லை. 90 நாள்களுக்கு மேல் இடைவெளி விட்டால், க்ளெய்ம் எடுக்காமல் சேர்த்து வைத்த 'நோ க்ளெய்ம் போனஸ்' தள்ளுபடியும் காலி. பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். இப்போதே எடுத்து, இரண்டையும் பாருங்கள்.

உதவிக்கு வர நான்கு பேர்

ரோட்சைடு அசிஸ்டன்ஸ், சுருக்கமாக ஆர்.எஸ்.ஏ. இதை வாங்க நான்கு வழிகள் இருக்கின்றன.

1. பைக் கம்பெனி தருவது: புது வண்டியோடு சில நிறுவனங்கள் முதல் வருடம் இலவசமாகத் தருகின்றன. பிறகு பணம் கட்டிப் புதுப்பிக்கலாம். அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே வண்டி போகும், உதிரிபாகமும் கிடைக்கும் என்பது வசதி. இரவில் சர்வீஸ் சென்டர் மூடியிருந்தால் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்பதை மட்டும் முன்பே கேட்டுவையுங்கள்.

2. இன்ஷூரன்ஸ் ஆட்-ஆன்: பாலிசி புதுப்பிக்கும்போது கூடுதலாகச் சேர்ப்பது. பொதுவாக சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இது ஓன் டேமேஜோடுதான் வரும். தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். பழைய வண்டிகளுக்கு வயது வரம்பும் வைத்திருப்பார்கள்.

3. தனியார் மெம்பர்ஷிப்: இன்ஷூரன்ஸோடு சம்பந்தமில்லாமல், வருடச் சந்தா கட்டுவது. தேர்டு பார்ட்டி மட்டும் இருப்பவர்களுக்கும் இது வழி. பணம் கட்டிய உடனே சேவை தொடங்காமல், சில நாள் கழித்துத்தான் தொடங்கும் திட்டங்களும் உண்டு. வண்டி நின்ற பிறகு ரோட்டில் உட்கார்ந்து சந்தா கட்டுகிறவர்களைத் தவிர்க்க இந்த ஏற்பாடு.

4. நம்ம ஏரியா மெக்கானிக்கும் குட்டி யானையும்: சந்தா கிடையாது. கூப்பிட்டால் வருவார், வந்தால் காசு. வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்குச் சில சமயம் இதுவே போதும். நடுராத்திரியில் போனை எடுப்பாரா என்பதுதான் கேள்வி.

ஒரு சின்ன வரலாறு. இன்று 2 கோடிக்கும் அதிகமான உறுப்பினர்களுடன் ஐரோப்பாவிலேயே மிகப்பெரிய வாகன ஓட்டிகள் சங்கமாக இருப்பது ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. 1954 முதல் மஞ்சள் வண்டிகளில் வந்து ரிப்பேர் பார்க்கும் அதன் மெக்கானிக்குகளை அங்கே 'மஞ்சள் தேவதைகள்' என்று அழைக்கிறார்கள். 1903-ல் ஸ்டுட்கார்ட் நகரில் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் கார்க்காரர்கள் கிடையாது, மோட்டார் சைக்கிள்காரர்கள். ரோட்டில் நின்றுபோகும் கஷ்டம் முதலில் புரிந்தது நமக்குத்தான் போல!

கையெழுத்துக்கு முன் எட்டு கேள்விகள்

விளம்பரத்தில் எல்லாத் திட்டமும் '24 மணி நேரமும் உதவி' என்றுதான் சொல்லும். வித்தியாசம் விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது. வாங்கும் முன் இந்த எட்டையும் கேளுங்கள்.

ஒன்று, டோயிங் உண்டா? சில திட்டங்களில் 'ஸ்பாட்டில் சின்ன ரிப்பேர்' மட்டும்தான் இருக்கும். அறுந்த செயினுக்கும் எரிந்த கிளட்ச்சுக்கும் ஸ்பாட்டில் வைத்தியம் இல்லை.

இரண்டு, எத்தனை கிலோமீட்டர் இலவசம்? அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு? அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்கா, நாம் சொல்லும் இடத்துக்கா? அவுட்டர் ரிங் ரோடு வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர். அதில் எந்த மூலையில் நிற்போம் என்று யாருக்குத் தெரியும்?

மூன்று, வருடத்துக்கு எத்தனை முறை? பெட்ரோல் தீர்ந்து ஒரு முறை கூப்பிட்டாலும் அது கணக்கில் கழியுமா?

நான்கு, வீட்டு வாசலிலும் வருவார்களா? பேட்டரி இறங்குவது பெரும்பாலும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான். வீட்டிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி நின்றால்தான் சேவை என்று சொல்லும் திட்டங்களும் இருக்கின்றன.

ஐந்து, எது இலவசம், எதற்குக் காசு? பஞ்சருக்கு ஆள் வருவது இலவசம், ஒட்டுவதற்குக் காசு. பெட்ரோல் கொண்டுவருவது இலவசம், பெட்ரோலுக்குக் காசு. இப்படித்தான் பல திட்டங்கள். ஸ்போக் வீல், டியூப் டயர் வண்டி என்றால் ரோட்டோரத்தில் சக்கரத்தைக் கழற்ற வசதி இருக்காது. அதனால் பஞ்சருக்கும் டோயிங் உண்டா என்று கேளுங்கள்.

ஆறு, எதில் ஏற்றிப் போவார்கள்? தட்டையான மேடை உள்ள வண்டியில், நிமிர்த்தி நிறுத்திக் கட்டிக் கொண்டுபோவதுதான் பைக்குக்கு நல்லது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். சக்கரத்திலேயே மோட்டார் இருக்கும் வண்டியை, அந்தச் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகக் கூடாது.

ஏழு, வண்டி யார் பெயரில்? செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினால், 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் வண்டிக்கான சேதத்துக்குக் க்ளெய்ம் சிக்கலாகிவிடும்.

எட்டு, எந்த வேலைக்கு ஓட்டுகிறீர்கள்? பகலில் எஸ்டேட் வேலை, சாயங்காலம் உணவு டெலிவரி அல்லது பைக் டாக்ஸி என்று ஓட்டும் தம்பிகள் இந்தப் பக்கம் அதிகம். சாதாரண இரு சக்கர வாகன பாலிசியில், வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் விலக்கு. 'பர்சனல்' என்று சொல்லி வாங்கிவிட்டு, டெலிவரி பையோடு விபத்தில் சிக்கினால் க்ளெய்ம் மறுக்கப்படலாம். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினாலும் உண்மையைச் சொல்லி வாங்குங்கள்.

இன்னொரு சந்தேகமும் பலருக்கு இருக்கிறது. ஆர்.எஸ்.ஏ-வைக் கூப்பிட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடுமா? பொதுவாகப் போகாது. அது சேவை, சேதத்துக்கான க்ளெய்ம் ஆகாது. ஆனால் அந்த 300 ரூபாயை ஓன் டேமேஜ் க்ளெய்மில் கேட்டால், அது க்ளெய்ம்தான்.

மழை வந்தால் டோயிங்தான் இன்ஜினைக் காப்பாற்றும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பக்கம் தண்ணீர் நின்றது யாருக்கும் மறந்திருக்காது. தண்ணீர் வடிந்த காலையில் தெருவுக்குத் தெரு கேட்ட சத்தம், பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்யும் சத்தம்தான். நம்மில் பலர் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஏர் ஃபில்டர் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால், அதை பிஸ்டனால் காற்றைப் போல அழுத்த முடியாது. செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடு வளையும். இன்ஜின் பிரிக்க வேண்டிய செலவு வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, "வெள்ளத்தால் வந்த சேதத்துக்குத் தருகிறோம், அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்கு இல்லை" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. பாலிசி மொழியில் அது 'தொடர் விளைவு இழப்பு', அதாவது விலக்கு.

அதனால் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கொரட்டூர் சப்வேயில் பாதி முங்கியபடி நின்றுவிட்டாலும் இதேதான். சப்வே ஏரியாவில் இருப்பவர்கள் ஆர்.எஸ்.ஏ-வோடு இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆனையும் விசாரித்து வையுங்கள்.

வண்டி நின்றுவிட்டது... இப்போது என்ன?

* முதலில் உயிர், பிறகு வண்டி. ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். இண்டிகேட்டர் எரியட்டும்.
* அடிபட்டிருந்தால் 108. இரவில் தனியாக நிற்பது பயமாக இருந்தால், யோசிக்காமல் 112.
* என்.எச் 48 போன்ற தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. ரோந்து வண்டி, கிரேன் உதவி கிடைக்கும். வண்டியை ஆபத்தில்லாத இடத்துக்கு நகர்த்தத்தான் அது. வீடு வரை வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.
* லொகேஷனை வாட்ஸ்அப்பில் வீட்டுக்கும் அனுப்புங்கள். கால் சென்டருக்கு கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், எந்தத் திசையில் போகும் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். 'ஆவடிக்குப் பக்கத்துல' என்றால் வருகிறவர் எதிர்ப்பக்கம் போய் நிற்பார்.
* நண்பர் பைக்கிலிருந்தபடி காலை நீட்டி உங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வீரம் வேண்டாம். ஒரு பள்ளத்தில் இரண்டு வண்டியும் சேர்ந்து விழும்.
* ஏற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ, மீட்டர் ரீடிங் போட்டோ. பெட்டியில் உள்ள பொருளை எடுத்துவிடுங்கள். கயிறு ஃபிரேமில் கட்டப்பட வேண்டும், இண்டிகேட்டரிலோ சைலன்சரிலோ கூடாது. பைக்கைப் படுக்கவைத்து ஏற்ற விடாதீர்கள், பெட்ரோல் கசியும்.

வராமல் ஏமாற்றினால்?

கால் சென்டர் தந்த புகார் எண்ணையும், கூப்பிட்ட நேரத்தையும் குறித்துவையுங்கள். வேறு வண்டி பிடித்தால் ரசீது வாங்குங்கள். ஆட்-ஆன் என்றால் முதலில் அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். தீராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 'பீமா பரோசா' இணையதளம், அதற்குப் பிறகு சென்னையிலேயே இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம்.

தனியார் மெம்பர்ஷிப் என்றால் இந்த வழி செல்லாது. அது இன்ஷூரன்ஸே இல்லை, சேவை ஒப்பந்தம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் வழி. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை வாங்கும்போதே மனதில் வையுங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் மூன்று வண்டிகள். என்னுடையது ஐந்து வயதான 150 சிசி பைக், செகண்ட் ஹேண்ட். தினமும் நெடுந்தூரம், இரவு நேரம். அதனால் அதற்கு, தூர வரம்பு அதிகமாக உள்ள இன்ஷூரன்ஸ் ஆட்-ஆனை எடுத்தேன்.

தங்கையின் ஸ்கூட்டர் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. கம்பெனியின் இலவச ஆர்.எஸ்.ஏ ஓடிக்கொண்டிருக்கிறது. அது இருப்பதே இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது, சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது! அந்த எண்ணை அவள் போனில் பதிந்தாயிற்று. ஓன் டேமேஜ் முடியும் தேதிக்கு அலாரமும் வைத்தாயிற்று.

அப்பாவின் பழைய டிவிஎஸ் எக்ஸ்.எல், காலையில் மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும். 75 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி பிரீமியம் வரி நீங்கலாக 538 ரூபாய். அதை மட்டும் தவறாமல் கட்டுகிறார். அந்த வயது வண்டிக்கு ஆட்-ஆன் கொடுக்க யாரும் தயாராக இல்லை, தேவையும் இல்லை. எங்கே நின்றாலும் தள்ளிக்கொண்டே வந்துவிடும் தூரம்தான். தெருமுனை மெக்கானிக் எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி, பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டிவிட்டேன். "எனக்கே மனப்பாடம்டா அது" என்றார் அப்பா.

ஒரே வீட்டுக்குள் மூன்று வண்டிக்கு மூன்று பதில். எது விலை குறைவு என்று பார்ப்பதற்கு முன், இந்த வண்டி எந்த நேரத்தில், எந்த ரோட்டில், யாரோடு நிற்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

அந்த ராத்திரி வந்த குட்டி யானைக்காரரின் எண்ணையும் நான் அழிக்கவில்லை. ஆட்-ஆன் எடுத்த பிறகும் அது என் போனில் பத்திரமாக இருக்கிறது.

(அடுத்த வாரம்: பஞ்சர் கிட், வீட்டில் வாங்கி வைப்பது லாபமா?)